இடுப்பு அறியும் சாலை

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே பேச்சு எஞ்சினில்தான் தொடங்கும். எத்தனை குதிரைத்திறன், 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட எத்தனை விநாடி, எக்ஸாஸ்ட் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். ஆனால் அந்தக் காரை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் எஞ்சினைக் கையால் தொடுவது எப்போதாவதுதான். நாள்தோறும் அவர் உடம்போடு ஒட்டிக்கொண்டிருப்பது சீட். தோள்பட்டையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை, காரோடு அவருக்குள்ள உறவு பெரும்பாலும் அந்தத் துணியின்மீதோ தோலின்மீதோதான் நடக்கிறது. இருந்தும் சீட்டைப் பற்றி 'வசதியாக இருக்கிறது', 'முதுகு வலிக்கிறது' என்பதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. அதற்குள் இருக்கும் இயற்பியலும் வேதியியலும் உடலியலும் எஞ்சினில் இருப்பவற்றுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. சாலையில் என்ன நடக்கிறது என்று ஓட்டுபவருக்கு முதலில் தெரிவிப்பதும் அதுதான்.

பேச வசதியாக ஒரு காரை எடுத்துக்கொள்வோம்: மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான, இரண்டே பேர் அமரக்கூடிய ஜப்பானியக் கார். அமெரிக்கர்கள் மியாட்டா என்பார்கள். எடை ஏறத்தாழ 1 டன். துணிக்கூரையைப் பின்னால் மடித்துவிட்டுத் திறந்த வானத்தின்கீழ் ஓட்டலாம். உலகில் மிக அதிகமாக விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று 2000-இல் கின்னஸ் பதிவில் இடம்பிடித்தது. 2016-இல் 10 லட்சமாவது கார் தயாரானது. கோடீஸ்வரர்கள் கண்ணாடி அறைக்குள் பூட்டிவைக்கும் பொருள் அல்ல இது. மாதச் சம்பளக்காரர்கள் வாங்கி, அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்டிப்போகும் கார். அதனால்தான் ஒரு ஸ்போர்ட்ஸ் காரோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல சாட்சி.

குதிரையும் அதன்மேல் இருப்பவரும் ஓருடம்பாவதைப் போன்ற உணர்வே இந்தக் காரின் இலக்கு என்று மாஸ்டா தொடக்கம் முதலே சொல்லிவருகிறது. முதல் தலைமுறைக் காரின் சீட் துணியில், ஜப்பானிய வீடுகளில் தரையில் விரிக்கும் தத்தாமிப் பாயின் பின்னலை நினைவூட்டும் நெசவு இருந்தது. இலக்கு அழகானது. நடைமுறையில் அது காருக்குள் ஏறும் இடத்திலேயே தொடங்குகிறது.

கதவைத் திறந்தால் சீட் மிகவும் தாழ்வில் கிடக்கிறது. புதிதாக வாங்கியவர் ஒரு காலை உள்ளே வைத்து, உடம்பைச் சாய்த்து, அப்படியே சரிந்து உட்காருகிறார். சரியும் வழியில் இடுப்பு முதலில் உரசுவது சீட்டின் கதவுப்பக்க ஓரத்தில் மேடாக எழும்பியிருக்கும் பக்கத்திண்டின்மேல். இறங்கும்போதும் அதே திண்டின்மேல் கையை ஊன்றி, தொடையை இழுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறார். ஒரு நாளைக்கு நான்கு உரசல் என்றாலும் ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஜீன்ஸின் தடித்த பக்கத்தையலும் பின்பாக்கெட்டின் உலோகக் குமிழும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தைத் தேய்க்கின்றன. முதலில் பளபளப்பு கூடும். பிறகு நிறம் மங்கும். அப்புறம் மெல்லிய வெடிப்பு, அதன்பின் கிழிசல். ஜப்பானிலும் பிரிட்டனிலும் ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் ஓட்டுநர் சீட்டின் வலத்திண்டு முதலில் தேயும், அமெரிக்காவில் இடத்திண்டு. பக்கத்து சீட் பல ஆண்டு கழிந்தும் புதிதாகவே இருக்கும்.

பழகியவர்கள் வேறு விதமாக ஏறுவார்கள். காருக்கு முதுகைக் காட்டி நின்று, சீட்டின் நடுப்பள்ளத்தில் நேராக உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்வார்கள். இறங்குவதும் அதே வரிசையில், தலைகீழாக. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்லில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. எஃகுக் குழாய்களால் பின்னிய அதன் சட்டம் கதவுக்குக் கீழே உயரமாக எழும்பியிருந்தது. அதனால் கதவையே கூரையில் கீல் வைத்து மேல்நோக்கித் திறக்கும்படி செய்தார்கள். ஓட்டுபவரின் தொடை நுழைய வேண்டும் என்பதற்காக ஸ்டீயரிங் வளையமும் மடங்கிக் கொடுத்தது.

இவ்வளவு இடைஞ்சல் தரும் பக்கத்திண்டு எதற்கு? ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால், பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதிக்குச் சற்று மேலே வருகிறது. 70 கிலோ எடையுள்ளவரை ஏறத்தாழ 40 கிலோ கனத்துக்கு இணையான விசை வெளிப்பக்கம் தள்ளுவதாக அவர் உணர்வார். உண்மையில் அவரை யாரும் தள்ளவில்லை. அவர் உடம்பு நேராகவே போகப் பார்க்கிறது. கார்தான் அவரை வளைவுக்குள் இழுக்கிறது. அந்த இழுப்பு ஏதாவது ஒரு பிடி வழியாக அவர் உடம்புக்கு வந்துசேர வேண்டும். நல்ல டயரும் காய்ந்த தார்ச்சாலையும் கிடைத்தால் இத்தகைய கார்கள் புவியீர்ப்புக்கு ஏறக்குறைய சமமான பக்கவாட்டு முடுக்கத்தைத் தாங்கும். அப்போது அவர் தன் முழு எடையையும் பக்கவாட்டில் எங்காவது சாய்த்தாக வேண்டும்.

தட்டையான சீட்டில் அந்தப் பிடி ஸ்டீயரிங்தான். வளைவில் அதைப் பற்றிக்கொண்டு தொங்குவோம். முழங்காலைக் கதவில் முட்டுக்கொடுப்போம். ஆனால் ஸ்டீயரிங் என்பது திருப்புவதற்கான கருவி; முன்சக்கரங்களின் பிடி எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கைக்குச் சொல்லும் கருவியும் அதுவே. தொங்குகிற கை நுணுக்கமாகத் திருப்பாது; துடிப்பையும் உணராது. விலாவையும் தொடையையும் பக்கத்திண்டு தாங்கிக்கொண்டால் கை முழுக்க விடுதலை பெறுகிறது. பக்கத்திண்டின் பெரிய பயன் இதுதான். சொகுசு அதற்கு அடுத்துத்தான் வருகிறது.

இதை விற்பனைப் பொருளாக்கியவர்கள் ஜெர்மானியர்கள். ஸ்டுட்கார்ட் நகரில் 1906-இல் தொடங்கிய ராய்ட்டர் என்ற கூண்டு கட்டும் நிறுவனம், போர்ஷே 356 கார்களுக்கு உடற்கூடு செய்து கொடுத்தது. 1963-இல் அந்தக் கூடு கட்டும் தொழிற்சாலையைப் போர்ஷே வாங்கிக்கொண்டது. மிஞ்சியவர்கள் ரெகாரோ என்ற பெயரில் சீட் செய்வதையே தொழிலாக வைத்துக்கொண்டார்கள். 1965-இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அவர்கள் வைத்த ஸ்போர்ட்ஸ் சீட்டை, காரின் பழைய சீட்டைக் கழற்றிவிட்டு யார் வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளலாம். எஞ்சினில் கைவைக்காமல், சீட்டை மட்டும் மாற்றி ஒரு காரை மேம்படுத்தலாம் என்ற எண்ணம் அதன்மூலம் பரவலாக மக்களிடம் வந்துசேர்ந்தது. அறுபது ஆண்டுக்குப் பிறகும் அது சரியான எண்ணம்தான்.

இனி இந்தக் கட்டுரையின் தலைப்புக்கு வருகிறேன். தேர்ந்த ஓட்டுநர்கள் காரை இடுப்பால் ஓட்டுவதாகச் சொல்வார்கள். அது வெறும் பெருமைப் பேச்சு அல்ல.

நம் உடம்பில் அசைவை அளக்கும் முதன்மையான கருவி உள்காதில் இருக்கிறது. மூன்று அரைவட்டக் குழாய்கள் சுழற்சியை உணர்கின்றன. பக்கத்திலேயே இரண்டு சிறு பைகளில், கூழ்ப்படலத்தின்மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் படிந்திருக்கின்றன. உடம்பு முன்னே பாய்ந்தாலோ பக்கவாட்டில் போனாலோ படிகங்கள் சற்றுப் பின்தங்கி, கீழே இருக்கும் மயிர்செல்களை வளைக்கின்றன. மூளை அதை முடுக்கமாகப் படித்துக்கொள்கிறது. ஆனால் காருக்குள் இந்தக் கருவி தலையில் இருக்கிறது, தலை கழுத்தின்மேல் ஆடிக்கொண்டிருக்கிறது. காரின் உலோகத்தோடு இறுகப் பொருந்தியிருப்பது இடுப்பு.

அந்த இடுப்பின் தோலிலும் தசையிலும் தனித்தனி வேலைக்குத் தனித்தனி உணர்விகள் இருக்கின்றன. தோல் ஒரு பக்கமாக இழுபடும்போது ருஃபினி முனைகள் விழிக்கும். வளைவில் நாம் துணியின்மேல் மயிரிழை அளவு சரிவதை மூளைக்குச் சொல்வதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. பசினி துகள்கள் ஆழத்தில் இருப்பவை. விநாடிக்கு 250 அதிர்வுகள் அளவிலான நுண்துடிப்பைக்கூடப் பிடித்துவிடும். தார்ச்சாலையின் சொரசொரப்பு மாறுவதும் எஞ்சினின் நடுக்கம் மாறுவதும் இவற்றின் எல்லைக்குள் வரும். தசைக்குள் இருக்கும் நீட்சி உணர்விகள், எந்தத் தொடை எவ்வளவு தாங்குகிறது என்று கணக்கு வைக்கின்றன. பின்சக்கரங்கள் பிடி இழந்து காரின் வால் வெளியே நகரத் தொடங்கும் கணத்தில், கண் முன்னே இருக்கும் சாலையில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. இடுப்புக்குக் கீழே மாறியிருக்கும். எம்எக்ஸ்-5 காரில் ஓட்டுபவரின் இடுப்பு தரைக்கு வெகு அருகில், காரின் நடுவுக்குப் பக்கத்தில் சற்றே பின்தள்ளி அமைந்திருப்பது இந்தச் செய்தி தெளிவாக வருவதற்குத் துணைசெய்கிறது.

செய்தி தெளிவாக வருமா, மங்கலாக வருமா என்பதை முடிவுசெய்வது இடுப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே இருக்கும் ஃபோம். உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு, விநாடிக்குச் சுமார் 5 அதிர்வுகள் என்ற அளவில் மேலும் கீழும் குலுக்கினால் ஒத்ததிரும். வயிறும் தோளும் சேர்ந்து ஆடும். உடல் அதிர்வுக்கான ஐஎஸ்ஓ 2631 தரநிர்ணயமும் செங்குத்தான குலுக்கலில் 4 முதல் 8 வரையிலான பகுதியையே அதிகம் கவனிக்கச் சொல்கிறது. தடித்த மெத்தென்ற சீட் இந்தப் பகுதியின் அடிவிளிம்பில், 4-ஐ ஒட்டி, குலுக்கலைக் கூட்டிக் கொடுக்கிறது. அதைவிட வேகமான நுண்ணதிர்வுகளை விழுங்கிவிடுகிறது. அதாவது நம்மை அலுக்கவைப்பதைப் பெருக்கி, நமக்கு வேண்டிய செய்தியை அழிக்கிறது. ஸ்போர்ட்ஸ் சீட்டில் மெல்லிய, இறுக்கமான ஃபோம் வைப்பதற்குக் காரணம் இதுதான். எம்எக்ஸ்-5-இன் நான்காம் தலைமுறையில் வழக்கமான கம்பிச் சுருள்களுக்குப் பதிலாக வலைபோன்ற துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் ஃபோம் வைத்திருக்கிறார்கள். எடையும் குறைந்தது; உட்காருபவரும் இன்னும் தாழ்வாக அமர முடிந்தது.

ஷோரூமில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு மெத்தென்ற சீட்தான் பிடிக்கும். மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பிறகு தீர்ப்பு மாறும். மெத்தையில் இடுப்பெலும்பு அமிழ்ந்து பின்னால் சாய, முதுகின் இயல்பான உள்வளைவு தட்டையாகி, கீழ்முதுகின் தசைநார்கள் இழுபட்டுக்கொண்டே இருக்கின்றன. கெட்டியான சீட் இடுப்பை நிமிர்த்தி வைக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. உட்காரும்போது உடம்பின் கனத்தில் பெரும்பகுதியை ஏந்துவது பிட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். இறுகிய பரப்பில் அந்த இரண்டு இடத்தில் அழுத்தம் குவிகிறது, இரத்த ஓட்டம் குறைகிறது, மரத்துப்போகிறது. பக்கத்திண்டுகள் நெருக்கிப் பிடிப்பதால் உடம்பை அசைத்து மாற்றி உட்காரவும் இடமில்லை. நெடும்பயணத்தில் அடிக்கடி நிறுத்தி, இறங்கி நடந்துவிட்டு வருவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

அந்த ஃபோமை அருகில் போய்ப் பார்ப்போம். ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் 1937-இல் கண்டறிந்த பாலியூரித்தேன்தான் அதன் மூலப்பொருள். அந்த ஃபோம் கார்களுக்கு வருவதற்கு முன்பு சீட்டுக்குள் எஃகுச் சுருள்களும், அவற்றின்மேல் ரப்பர் பாலில் தோய்த்த தேங்காய் நாரும் குதிரை முடியும் இருந்தன. பழைய ஜெர்மன் கார்களை வைத்திருப்பவர்கள் சீட்டுக்கு அடியில் பழுப்பு நிறத்தில் நார்த்தூள் உதிர்ந்து கிடப்பதை இன்றும் கூட்டி அள்ளுகிறார்கள். பாலியூரித்தேன் ஃபோம் செய்வது வேறு கதை. ஐசோசயனேட், பாலியால் என்ற இரண்டு திரவங்களோடு கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து அச்சில் ஊற்றுகிறார்கள். தண்ணீரும் ஐசோசயனேட்டும் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது. புளித்த இட்லிமாவு பொங்குவதைப் போலக் கலவை குமிழிவிட்டுப் பொங்கி அச்சை நிறைக்கிறது. பொங்கும்போதே இறுகவும் செய்வதால் குமிழிகள் அப்படியே நிலைத்துவிடுகின்றன. கார் சீட்டின் ஃபோம் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 50 கிலோதான் இருக்கும். பருமனில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் காற்று! நம் கனத்தைத் தாங்குவது மிச்சமுள்ள சிறு பங்கின் மெல்லிய தூண்களும் சுவர்களும்.

உட்காரும்போது அந்தத் தூண்கள் வளைகின்றன. காற்று குமிழிக்குக் குமிழி நசுங்கி வெளியேறுகிறது. எழுந்தால் நிமிர்கின்றன. ஆனால் கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பிவராது. ஒரு பங்கு வெப்பமாகிறது. அதிர்வை அடக்குவது அந்த இழப்புதான். பல்லாயிரம் முறை வளைந்தபின் சில தூண்கள் முறிகின்றன, சில வளைந்தபடியே நின்றுவிடுகின்றன. சூடும் ஈரமும் இதை விரைவுபடுத்தும். பதினைந்து, இருபது ஆண்டான சீட்டின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். புதிதாக இருந்தபோது எதிர்த்துத் தள்ளிய இடம் இப்போது சோர்ந்து கீழே போகும். சில கார்களில் அடியிலிருக்கும் கம்பியே கைக்குத் தட்டுப்படும். உரிமையாளர் இதைக் கவனிப்பதே இல்லை. நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டரில் துளியளவு குறைவதை யாரால் அறிய முடியும்? கார் முன்புபோல் இல்லை, சஸ்பென்ஷன் போய்விட்டது என்று மெக்கானிக்கிடம் முறையிடுகிறார். போனது ஃபோமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

சீட்டின் மேலுறைக்கு வருவோம். தோல் உறை என்பது பெரும்பாலும் மாட்டுத்தோல்; வேதியியலாகச் சொன்னால் கொலாஜன் என்ற புரதம். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு நிற்கும் மூலக்கூறு அது. இந்த மூவிழைச் சுருள் அமைப்பை உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். 1954-இல் 'நேச்சர்' இதழில் முதல் வடிவம் வெளியானது. அடுத்த ஆண்டே அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். எக்ஸ்-கதிர்ப் படத்துக்காக அவர்கள் பயன்படுத்திய கங்காரு வால் தசைநார், பக்கத்திலேயே அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. இத்தாலியில் தைத்த ஃபெராரி சீட் ஆகட்டும், ஜப்பானில் தைத்த மாஸ்டா சீட் ஆகட்டும், அதன் தோல் ஏன் அவ்வளவு வலிமையாக இருக்கிறது என்ற கேள்விக்கான விடையின் முதல் பக்கம் சென்னையில் எழுதப்பட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பச்சைத் தோலை ஈரத்தில் சூடாக்கினால் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே அந்தச் சுருள் அவிழ்ந்து தோல் சுருங்கிவிடும். பதனிடுவது என்றால் சுருள்களுக்கு நடுவே குறுக்குப் பிணைப்புகள் போடுவது. குரோமிய உப்புகளால் பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். காரின் தேவை அதோடு முடியவில்லை. உலர்ந்த வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்து சுருங்காமல் இருக்க வேண்டும். அதனால் டேஷ்போர்டுபோல் வெயில் நேராக விழும் இடங்களுக்குக் குரோமியம் இல்லாமல் பதனிட்ட தோலை நாடுகிறார்கள்.

பெரும்பாலான கார்களில் நம் கை தொடுவது தோலை அல்ல. அதன்மேல் சாயமும் பாலியூரித்தேனும் கலந்த மெல்லிய பூச்சு இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. ஜீன்ஸின் நீலச்சாயம் ஒட்டுவதும், வியர்வை உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்குவதும், முதலில் வெடிப்பதும் இந்தப் பூச்சுதான். 'தோலுக்கு ஊட்டம்' என்று விற்கும் களிம்பில் பெரும்பங்கு இந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே போவதில்லை. பிழிந்த ஈரத்துணி, மென்மையான சோப்பு நுரை, பிறகு உலர்ந்த துணி. மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். மணல்துகள்களைத் துடைத்து எடுப்பதுதான் பூச்சுக்கு நாம் செய்யும் பெரிய உபகாரம். துணி சீட் வைத்திருப்பவர்கள் வருந்த வேண்டியதில்லை. வளைவில் தோலைவிடத் துணிதான் உடம்பை நழுவவிடாமல் பிடிக்கும். பந்தயக் கார்களின் சீட்டில் துணியைப் பார்ப்பதற்கு இது ஒரு காரணம்.

வெயிலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் எண்கள் வியப்பைத் தருகின்றன. அமெரிக்காவின் அரிசோனாவில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், கோடைப் பகலில் கார்களை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி அளந்தார்கள். உள்ளே காற்று சராசரியாக 47 டிகிரி செல்சியஸ், சீட் 51, ஸ்டீயரிங் 53, டேஷ்போர்டு 69. நிழலில் நிறுத்திய கார்களில் டேஷ்போர்டு 48 டிகிரிதான். நிழல் என்ற ஒன்றுக்கே 20 டிகிரிக்கு மேல் வேறுபாடு. வேதிவினைகள் சூடு ஏற ஏற விரைவாக நடப்பவை என்பதால், அந்த வேறுபாடு காரின் உட்புறத்துக்கு ஆயுளைக் கூட்டும்.

பிவிசி டேஷ்போர்டில் நெகிழ்வுக்காகக் கலந்த எண்ணெய் போன்ற பொருள், சூட்டில் மெல்ல ஆவியாகி முன்கண்ணாடியில் படலமாகப் படிகிறது. புதுக் காரின் மணத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. எண்ணெய் போகப்போக டேஷ்போர்டு விறைத்து வெடிக்கிறது. இன்னொரு நோய் விலையுயர்ந்த கார்களையும் விடவில்லை. 1990-களின் இறுதியிலிருந்து இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களில் பிளாஸ்டிக் பொத்தான்களுக்கு, தொட்டால் வெல்வெட் உணர்வு தரும் பூச்சு கொடுத்தார்கள். ஃபெராரி 360, எஃப்430 போன்ற கார்களில் அந்தப் பூச்சு சில ஆண்டுகளில் பிசுபிசுவென்று கையில் ஒட்டத் தொடங்கியது. காற்றிலுள்ள ஈரம் இத்தகைய பூச்சின் எஸ்டர் பிணைப்புகளை வெட்டுகிறது; வெட்டும்போது அமிலம் உண்டாகிறது; அந்த அமிலம் மேலும் வெட்டுவதற்கு உதவுகிறது. ஆகவே தொடங்கிவிட்டால் நிற்காது. உரிமையாளர்கள் பொத்தான்களைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பூச்சு முழுவதையும் நீக்கிவிட்டுக் கீழே இருக்கும் வெறும் பிளாஸ்டிக்கோடு காலம் தள்ளுகிறார்கள். அருங்காட்சியகங்களில் பாலியூரித்தேன் பொம்மைகளும் காலணிகளும் நொறுங்குவதற்கும் இதே வேதியியல் ஒரு காரணம்.

துணிக்கூரைக் கார் என்றால் மழையும் ஒரு பங்காளி. எம்எக்ஸ்-5-இல் கூரையில் விழும் நீர், சீட்டுகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள துளைகள் வழியாக இறங்கித் தரைக்குப் போகும்படி அமைத்திருக்கிறார்கள். மரத்தடியில் நிறுத்தும் காரில் சருகும் மண்ணும் சேர்ந்து துளை அடைபடும். நீர் பின்வாங்கி உள்ளே வழிந்து, தரைவிரிப்புக்குக் கீழே இருக்கும் மெத்தையில் தங்கும். விரிப்பின் மேல்பக்கம் காய்ந்திருக்கும். கையை அடியில் விட்டால்தான் ஈரம் தெரியும். பூஞ்சை வாடை வந்தபிறகு தேடுவதைவிட, ஆண்டுக்கு இரண்டு முறை வளையக்கூடிய மெல்லிய குழாயை விட்டுத் துளையைக் குத்திவிடுவது நல்லது.

ஒரு சீட் எல்லாருக்கும் பொருந்துமா? பொருந்தாது. இது தீராத சிக்கல். எம்எக்ஸ்-5-இல் உயரமானவர்களின் தலை கூரையில் இடிக்கும். கண், முன்கண்ணாடிச் சட்டத்துக்கு நேராக வரும். ஸ்டீயரிங்கைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும் வசதியே 2019 மாடலில்தான் வந்தது. அமெரிக்காவில் உயரமான உரிமையாளர்கள் பலர் சீட்டைக் கழற்றி, உறையைப் பிரித்து, உட்காரும் இடத்தின் ஃபோமில் ஓரிரு அங்குலத்தைக் கத்தியால் அறுத்தெடுத்துவிட்டுத் திரும்பத் தைத்துக்கொள்கிறார்கள். ஃபெராரி 1987-இல் எஃப்40 காருக்கு, தைத்த சட்டைக்கு அளவு கொடுப்பதுபோல மூன்று அளவுகளில் சீட் தந்தது. லா ஃபெராரியில் சீட்டை நகர்த்தவே முடியாது. பெடலும் ஸ்டீயரிங்கும்தான் ஓட்டுபவரை நோக்கி வரும்.

ஃபோமை அறுப்பதில் ஓர் ஆபத்து உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் முதுகுப் பக்கத்திண்டுக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மோதலின்போது, உறையின் தையல் குறிப்பிட்ட இடத்தில் பிரிந்து வழிவிட, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அது விரிய வேண்டும். அந்தத் தையலை எந்த நூலால், எவ்வளவு இறுக்கமாகப் போடுவது என்பதுகூடத் தொழிற்சாலையில் சோதித்து முடிவானது. தெருமுனைக் கடையில் முழுதாக இழுத்து மாட்டும் ரெக்சின் உறை அந்த வழியை அடைத்துவிடும். பல கார்களில் பக்கத்து சீட்டின் அடியில், உட்கார்ந்திருப்பவர் பெரியவரா குழந்தையா என்று எடையை வைத்துக் கணிக்கும் உணர்வியும் இருக்கிறது; ஃபோமை மாற்றினால் அதன் கணக்கும் மாறும். உங்கள் கார் எதுவானாலும், சீட் கவர் போடுமுன் முதுகுச் சாய்மானத்தின் கதவுப்பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சிறு துணிச்சீட்டு தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் திறந்திருக்கும்படி தைத்த கவரை மட்டும் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியவர்கள், கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் எஞ்சினுக்குக் கூடுதல் திறன் ஏற்றுவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். என் கருத்து வேறு. முதலில் ஓட்டுநர் சீட்டைக் கழற்றி, சோர்ந்த ஃபோமை மாற்றுங்கள். தேய்ந்த திண்டை நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங்கின் உச்சியில் மணிக்கட்டு படும் தூரத்துக்குச் சீட்டை நகர்த்தி, தோள் சாய்மானத்தைவிட்டு விலகாமல் உட்காருங்கள். காரைத் தயாரித்தவர்கள் சஸ்பென்ஷனிலும் டயரிலும் செய்துவைத்த வேலையெல்லாம் உங்களிடம் வந்துசேர்வதற்கு அதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி இல்லை.